மே மாதத்துக் கிறிஸ்துமஸ் விளக்குகள்

அன்று காலை டெல்மர் பம்பளிமாஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். பின்தோட்டத்து மரத்துப் பழம். பாதியாக வெட்டி, வளைந்த சிறு கத்தியால் சுளைகளை ஒவ்வொன்றாகத் தோலிலிருந்து விடுவித்து, என் பாதியில் உப்பும் தன் பாதியில் சர்க்கரையும் தூவினார். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் ஒத்துப்போனதே இல்லை.

"உப்பு போட்டுப் பழம் திங்கற ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதான் மார்லிஸ்."

"சர்க்கரை போட்டா அதுக்குப் பேரு பழம் இல்ல, மிட்டாய்."

"சனிக்கிழமை கிறிஸ்துமஸ் லைட்டெல்லாம் கழட்டிடறேன். நீ ஏணியப் பிடிச்சுக்கணும்."

"போன வாரமும் இதேதான் சொன்ன."

"பதினஞ்சாம் தேதி வரைக்கும் கெடு இருக்கு. எனக்கே ரூல் சொல்றியா?"

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு செய்தித்தாள் எடுக்கப் போனார். நான் என் பாதியைச் சாப்பிட்டு முடித்தேன். அவர் வரவில்லை. தெருவில் யாரிடமோ பேச்சில் மாட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவருக்கு அது வழக்கம்தான். காபி ஆறிய பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், சரளைக்கல் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வெயிலில் சற்றுச் சாய்ந்திருப்பவர் போலத்தான் இருந்தது. செய்தித்தாள் கையிலேயே இருந்தது. இதயம் என்றார்கள். அவருக்கே தெரிந்திருக்காது என்றார்கள்.

நாங்கள் மினசோட்டாக்காரர்கள். அவர் அங்கே சாலைத் துறையில் இருந்தார், நான் ஒரு பள்ளி நூலகத்தில். ஓய்வு பெற்றதும் பனி தள்ளியது போதும் என்று பாலைவன ஊரான டூசானுக்கு வந்துவிட்டோம். நகரத்தின் கிழக்கோரத்தில், மலையைப் பார்த்த குடியிருப்பு. நூற்றுச் சொச்சம் வீடுகள். எல்லாம் மணல் நிறம். அந்த மணல் நிறத்திலும் நான்கு வகைக்குத்தான் வீட்டு உரிமையாளர் சங்கம் அனுமதி தரும். வேலி இவ்வளவு உயரம், கள்ளிச்செடி இவ்வளவு தள்ளி, பண்டிகை விளக்குகள் நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலும் நாளுக்குப் பிறகு ஏற்றி ஜனவரி பாதிக்குள் இறக்கிவிட வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழு. டெல்மர் அதில் ஒருவர். வந்த மறுவருஷமே சேர்ந்துவிட்டார், பிறகு விலகவே இல்லை.

புகார் வந்தால் சங்கம் அமர்த்தியிருக்கும் நிறுவனம் கடிதம் அனுப்பும். அதுதான் முறை. டெல்மர் அதற்கு முன் தானே போய்க் கதவைத் தட்டுவார். நாயைப் பற்றிக் கேட்பார், பேஸ்பால் பேசுவார், கொடுத்ததைச் சாப்பிடுவார். கிளம்பும்போது வாசலில் நின்று, "ஆங், அந்தக் களைய மட்டும் கொஞ்சம் பாருங்க" என்பார். மறுநாள் களை இருக்காது. கடிதம் போக வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. ஒரு களைக்காக மாலை முழுக்கப் போய்விடுகிறாயே என்று நான் கேலி செய்வேன். "களை ரெண்டு நிமிஷம்தான். அந்த ஆளு பேசறதுக்கு வேற யாரும் இல்ல, அதுக்குத்தான் மிச்ச நேரம்" என்பார்.

விளக்குகள் கூரை விளிம்பு முழுக்க இருந்தன. பழைய காலத்துப் பெரிய பல்புகள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். மினசோட்டாவிலிருந்து பெட்டியில் வைக்கோல் போட்டுக் கொண்டுவந்தவை. ஒவ்வொன்றும் நேராகத் தரையைப் பார்க்கும்படி கிளிப்பில் மாட்டியிருந்தார். ஒன்று கோணினாலும் ஏணியை நகர்த்தி மறுபடி ஏறுவார். இருட்டினால் தானாக எரியும்படி ஒரு சின்னக் கருவியும் வைத்திருந்தார். அதனால் நான் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. அவரைப் புதைத்துவிட்டு வந்த அன்று மாலையும் அவை எரிந்தன. பதினைந்தாம் தேதி போயிற்று. பிப்ரவரி போயிற்று. பகல் நீண்டுகொண்டே வர, விளக்குகளும் ஒவ்வொரு நாளும் சற்றுத் தாமதமாக எரிந்தன. அந்த நேரத்துக்காகச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். பகல் போகும், வெளியே சரளைக்கல் மேல் நிறங்கள் விழும். ஏதோ ஒன்றை அவர் இன்னும் தினமும் எனக்காகச் செய்துகொண்டிருந்தார்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. முதல் சில வாரங்கள் பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு வந்தது. பிறகு பாத்திரங்களைத் திருப்பி வாங்க வந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. அதில்கூட எனக்கு வியப்பில்லை. குழுவினர் நாலு பேரையும் காணவில்லை என்பதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. தலைவர் ராஸ்கோவின் சிவப்பு வண்டி தினமும் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகும். டெல்மர் முன்னால் நின்றால் நிறுத்தி அரை மணி பேசுவார், நான் நின்றால் தொப்பியைத் தொடுவார். அந்த வண்டி வரவே இல்லை.

காரணத்தை மார்ச் கடைசியில் ட்வைலா சொன்னாள். அவள் குழுவின் செயலாளர். மளிகைக் கடையில், முட்டை அடுக்கியிருக்கும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எதுக்கும் கவலப்படாதீங்க மார்லிஸ். நாங்க பேசி வெச்சிருக்கோம்."

"என்ன பேசி வெச்சிருக்கீங்க?"

"கமிட்டில இருக்கறவங்க ஒரு ரூல் மீறலக் கண்ணால பாத்தா புகார் எழுதியே ஆகணும். பாக்கலன்னா எழுத வேண்டாம். அதான் நாலு பேரும் குடியிருப்போட பின்கேட் வழியாப் போயிட்டு வந்துட்டிருக்கோம். ராஸ்கோவுக்குச் சுத்துதான். ஆனாலும் உங்களுக்காகப் போறாரு."

சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை இருந்தது. நான் நன்றி சொன்னேன். அன்பினால்தான் செய்தார்கள், அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை. வீட்டுக்கு வந்து முட்டைகளைக் குளிர்பெட்டியில் வைத்தேன். தெரு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று இத்தனை நாள் யோசித்ததற்குப் பதில் கிடைத்துவிட்டது. அன்று மாலை விளக்குகள் எரிந்தபோது, அவற்றைப் பார்ப்பதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

மே மாதத் தொடக்கத்தில் ராஸ்கோ என்னைத் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் சந்தித்தார். எங்கள் குடியிருப்பில் எல்லார் தபால் பெட்டியும் ஒரே இடத்தில், முகப்பில், ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருக்கும். அவர் டெக்ஸாஸ்காரர், பெரிய உடம்பு. என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மார்லிஸ், உங்கள ஒண்ணு கேக்கணும். டெல்மரோட எடம் இன்னும் காலியாத்தான் கெடக்கு."

"ஆளு கெடைக்கலியா?"

"யாரு வருவா? சம்பளம் கெடையாது, மாசாமாசம் கூட்டம், தெருவே ஒண்ணாச் சேந்து திட்டும். அது டெல்மருக்கு மட்டும்தான் பிடிக்கும்."

"எனக்கும் பிடிக்கும்னு யாரு சொன்னா?"

"பிடிக்காதுன்னு தெரியும். நீங்கதான் ஒருதடவ எங்கள 'மணல் நிறத்து மந்திரிசபை'ன்னு சொன்னீங்களாமே. டெல்மர் கூட்டத்துலயே சொல்லிட்டாரு. ட்வைலாவுக்குத்தான் கொஞ்சம் கோவம்."

அதை அவர் அங்கே போய்ச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது.

"நவம்பர்ல தேர்தல் வரைக்கும்தான்," என்றார் ராஸ்கோ. தொப்பி கையில் ஒரு சுற்று சுற்றியது. "அப்புறம் ஒரே ஒரு சின்ன விஷயம்."

"லைட்டா?"

தேவாலயத்தில் யாரோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதைப் போல அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். "நான் எந்த லைட்டையும் பாக்கலயே."

"தெரியும் ராஸ்கோ. பாக்காம இருக்கறதுக்கு எத்தன மைல் சுத்தறீங்கன்னும் தெரியும்."

அவர் காது சிவந்தது. "கமிட்டில உக்கார்றவங்க வீட்டுல எந்த மீறலும் இருக்கக் கூடாது. துணைவிதில அப்படித்தான் இருக்கு. நீங்க வீட்டோட இருக்கற வரைக்கும் நாங்க யாரும் எதையும் பாக்கல. மேசைக்கு வந்து உக்காந்துட்டா, யாராவது எழுந்து கேப்பாங்க. அப்பப் பாக்கலன்னு சொல்ல முடியாது." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "அவசரமில்ல. அடுத்த கூட்டத்துக்குள்ள சொன்னாப் போதும். முடியாதுன்னாலும் ஒண்ணுமில்ல. அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் பாக்காத அந்த லைட்டு."

வண்டியில் ஏறிப் பின்கேட் பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.

எனக்குச் சங்கத்தின்மேல் ஒரு பிரியமும் இருந்ததில்லை. ஆனால் அந்த இடம் வேண்டும் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது. ஒருவர் போன பிறகு புதிதாக அவரிடமிருந்து எதுவும் வருவதில்லை. இருக்கிற புகைப்படங்களை எல்லாம் பார்த்தாகிவிட்டது. சட்டைகளில் இருந்த வாசனையும் போய்விட்டது. அவர் சொன்ன கதைகளை நானே அவரைவிட நன்றாகச் சொல்வேன். மிச்சம் இருந்தது குழு கூடும் அந்த மன்றக் கூடம் ஒன்றுதான். அங்கே அவரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. என்ன வேடிக்கை பேசுவார், யாரோடு சண்டை போடுவார், என்னைப் பற்றி வேறென்ன சொல்லியிருப்பார்? அவர் நாற்காலியில் உட்கார்ந்தால், அங்கிருந்து அவர் பார்த்த மூஞ்சிகளையாவது பார்க்கலாம்.

ஆனால் கூரையில் இருந்தவை அவர் விரல் மாட்டியவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்தேன். இரண்டு படி ஏறினேன். முதல் பல்பு கைக்கு எட்டும் தூரத்தில், நேராகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கி ஏணியை உள்ளே வைத்துவிட்டேன். ராஸ்கோவிடம் முடியாது என்று சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன். அடுத்த நாள் காலை சரளைக்கல் மேல் ஒரு பிளாஸ்டிக் கிளிப் கிடந்தது. எடுத்தேன், விரலுக்குள்ளேயே ரொட்டித் தூளாக உதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தபோதுதான் கவனித்தேன். தெற்குப் பக்கத்துச் சிவப்பு பல்புகள் எல்லாம் ரோஸ் நிறமாகியிருந்தன. அப்போதும் என் முடிவு மாறவில்லை. உதிர்கிற வரைக்கும் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரம் ஒரு மாலை, விளக்குகள் எரிந்து கொஞ்ச நேரத்துக்குள் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கேட்டு எவ்வளவு நாளாயிற்றோ, கூரையில் இருக்கும் குளிர்விப்பான்தான் கடகடவென்று ஆடுகிறது என்று நினைத்தேன். மறுபடி தட்டினார்கள், இந்தமுறை உள்ளங்கையால்.

திறந்தேன். முப்பத்தைந்து வயசு இருக்கும், பல் மருத்துவமனைச் சீருடை போட்ட ஒரு பெண். கையில் ஒரு காகிதத்தைச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"நான் பக்கத்து வீடு. யோலாண்டா. பிப்ரவரில குடி வந்தோம். இதுவரைக்கும் ஒரு வார்த்த பேசினதில்ல, ஒத்துக்கறேன். இப்பவும் பேச வரல, சண்ட போடத்தான் வந்திருக்கேன்."

"உள்ள வந்து போடலாமே. வெளிய சூடு."

"வேணாம். இங்கயே போடறேன்." காகிதத்தைப் பிரித்தாள். "இது அசோசியேஷன்லேர்ந்து வந்திருக்கு. பருவம் முடிஞ்சும் அலங்கார விளக்கு வெச்சிருக்கோமாம், எடுக்கணுமாம். என் பின்வாசல்ல ஒரே ஒரு சரம். வெள்ள பல்பு. என் வீட்டுக்காரர் எஃப்ரைன் நாள் பூரா பஸ் ஓட்டிட்டு வந்து அதுக்கடியில உக்காந்துதான் சாப்பிடுவாரு. அது அலங்காரமாம். சரி. அப்ப இது என்ன?" கையை மேலே நீட்டினாள். கோபத்தில் பேச்சில் ஸ்பானிஷ் கலந்தது. "மே மாசம், சென்யோரா! இந்த வெயிலுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தாவே பனியனோட அலைவாரு. இது மட்டும் ஒருத்தர் கண்ணுக்கும் தெரியலியா?"

"தெரியல," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"எப்படித் தெரியாமப் போகும்? நிலாலேர்ந்து பாத்தாக்கூடத் தெரியும்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் ஏறியது.

"சிரிக்கறீங்களா? உங்களுக்குக் கமிட்டில ஆளு இருக்கு, அதான?"

"இருந்தாரு. என் வீட்டுக்காரர்."

"அதானே பாத்தேன்! அவர வரச் சொல்லுங்க, அவர் மூஞ்சிக்கு நேராவே கேக்கறேன்."

"அவர் இல்லம்மா. ஜனவரில போயிட்டாரு. அதுக்கு முன்னாடி அவர் கட்டினதுதான் இதெல்லாம்."

யோலாண்டா நீட்டிய கையை இறக்க மறந்து நின்றாள். பிறகு அதே கையால் சிலுவை போட்டுக்கொண்டாள். "தேவனே" என்று முணுமுணுத்தபடி வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் இருவர் மடியிலும் பச்சையும் நீலமும் விழுந்திருந்தன.

"எங்ககிட்ட யாருமே சொல்லலியே," என்றாள்.

"யாரு சொல்லுவா? இந்தத் தெருவுக்கே யாரும் வர்றதில்ல." பின்கேட் கதையைச் சொன்னேன். அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள்.

"அதாவது உங்க மேல பரிதாபப்பட்டு, நாலு பேரும் உங்க வீட்டுப் பக்கம் பாக்கறதையே விட்டுட்டாங்க."

"நல்ல எண்ணத்துலதான்."

"நல்ல எண்ணமா? எங்க வீட்டுல ஒரு சாவுன்னா ஒம்பது நாள் ஜெபம். ஒம்பது நாளும் வீடு பூரா ஜனம். போங்கடான்னாலும் போக மாட்டாங்க. சோறு ஆக்கிப் போட்டே நம்மளயும் கொன்னுடுவாங்க. எங்க மாமனார் செத்தப்போ என் மாமியார் குளியலறைக்குள்ள போய்த் தாப்பாப் போட்டுக்கிட்டுத்தான் அழுதாங்க, வெளிய எடமில்லாம. அது நல்ல எண்ணம். இது என்ன?"

"இது மணல் நிறம்," என்றேன். அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள்.

"இந்தக் கடுதாசி எப்படி வந்துச்சு?"

"தபால்லதான்."

"முன்னாடி ஒருத்தரும் வந்து கதவத் தட்டலியா?"

"யாரு தட்டுவா?"

யார் தட்டுவார் என்று சொன்னேன். களை, நாய், பேஸ்பால் எல்லாம் சொன்னேன். நான் அவரைப் பற்றி அவ்வளவு நேரம் யாரிடமும் பேசி நாளாகியிருந்தது. அவள் நடுவில் நடுவில், "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அவர் வந்திருந்தா," என்றாள், "பேச்சுக்கு மரியாதை குடுத்து நானே கழட்டியிருப்பேன். இல்லன்னா அந்த பல்புக்கு அடியிலயே உக்கார வெச்சு, எஃப்ரைன் செய்யற மிளகாய்க் கறியப் போட்டு, வந்த விஷயத்தையே மறக்கடிச்சிருப்பேன்."

"ரெண்டாவதுதான் நடந்திருக்கும்."

"அவர் எடத்துக்கு என்னக் கூப்பிடறாங்க."

"போங்க! போய் என் கடுதாசியக் கிழிச்சுப் போடுங்க."

"போனா இத எறக்கணும். அதுதான் ரூல்."

அவள் நிமிர்ந்து கூரை விளிம்பைப் பார்த்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் மெதுவாகப் பார்த்தாள். "அப்ப வேணாம்," என்றாள் உடனே. "போகாதீங்க. இது இருக்கட்டும். என்னோட பல்ப நான் கழட்டிக்கறேன், அது கடையில வாங்கினதுதான். இனிமே நானும் இந்தப் பக்கம் பாக்கல." சொல்லிவிட்டு விளையாட்டாகக் கண்களைக் கையால் மூடிக்கொண்டாள்.

அந்தக் கையைப் பார்த்தேன். சண்டை போட வந்தவள். என்ன நடந்தது என்று தெரியாததால் மட்டுமே என் கதவைத் தட்டியவள். தெரிந்துகொண்டதும் அவளும் பின்கேட் பக்கம் திரும்புகிறாள்.

"நீங்களும் ஆரம்பிச்சிடாதீங்க," என்றேன். என் குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "கைய எடுங்க, யோலாண்டா. சனிக்கிழமை காலையில லீவா?"

"லீவுதான். ஏன்?"

"ஏணிய ஒருத்தர் பிடிக்கணும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க ஏறப் போறீங்களா? நல்லாருக்கு. நான் ஏறறேன், நீங்க பிடிங்க. நீங்க விழுந்தா எஃப்ரைன் என்னைத்தான் கொல்லுவாரு."

சனிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் ஆரம்பித்தோம். பாதிக் கிளிப்புகள் தொட்டதும் உடைந்தன. பல்புகளைத் திருகிக் கழற்றி ஒவ்வொன்றாகக் கீழே தந்தாள், நான் பெட்டியில் வைத்தேன். வெயில் பட்ட பக்கம் வெளிறியிருந்தாலும், சுவரைப் பார்த்த பக்கம் கிறிஸ்துமஸ் சிவப்பு அப்படியே இருந்தது. ஒரு மூலையில் கிளிப் பிடிக்காமல் டெல்மர் கம்பியால் கட்டியிருந்தார். அங்கே யோலாண்டா வெகுநேரம் நின்றாள்.

"இவர் இடதுகைக்காரரா?"

"ஆமா. எப்படித் தெரிஞ்சுது?"

"முறுக்கு நேரெதிரா ஓடுது. நான் பிரிக்கப் பிரிக்க இறுகுது."

அது பிரியாமலே போய்விடட்டும் என்று ஏணியைப் பிடித்தபடி நான் வேண்டிக்கொண்டிருந்தேன். பிறகு அவள், "ஆங், வந்துடுச்சு" என்றாள். கம்பியையும் வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

அன்று மாலை சமையலறை நாற்காலியில் உட்காரவில்லை. முன்வாசலுக்கு வந்து நின்றேன். பகல் போயிற்று. சரளைக்கல் சாம்பல் நிறமாகி, பிறகு இருண்டது. வேறு எதுவும் நடக்கவில்லை. உள்ளே போய்விடலாம் என்று திரும்பியபோது தெருமுனையில் வண்டி வெளிச்சம் தெரிந்தது. சிவப்பு வண்டி. மெதுவாக வந்து வீட்டுக்கு முன்னால் நின்றது. ராஸ்கோ ஜன்னலை இறக்கினார், எஞ்சினை அணைத்தார். நேராகக் கூரையைப் பார்த்தார். முதல்முறையாக.

"யோலாண்டா சொன்னாங்களா?" என்றேன்.

"தபால் பெட்டிகிட்ட நின்னு ஊருக்கே சொன்னாங்க. எனக்குத் திட்டு கொஞ்சம் அதிகமாவே கெடச்சுது." தெருவை ஒருமுறை பார்த்தார். "இந்த வழி எவ்வளவு கிட்டன்னு மறந்தே போச்சு, மார்லிஸ்."

"நான் வரேன் ராஸ்கோ. கூட்டத்துக்கு."

அவர் தலையை ஆட்டினார். உடனே போய்விடவில்லை. இருட்டில் வெகுநேரம் நின்று அவர் மனைவியின் முழங்கால் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசினோம்.

கூடத்தைப் பற்றி என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். தாழ்ந்த கூரை, குழாய் விளக்கு, கருகிய காபி. அவர் நாற்காலி எது என்று கேட்டேன். ட்வைலா திகைத்துப் போனாள். எல்லாம் ஒரே மாதிரி இரும்பு மடக்கு நாற்காலிகள். கூட்டம் முடிந்ததும் மடக்கிச் சுவரோரம் அடுக்கிவிடுவார்கள், அடுத்தமுறை கைக்கு வந்ததை விரிப்பார்கள். நானும் ஒன்றை விரித்து உட்கார்ந்தேன். கை தூக்கி என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

யோலாண்டாவின் கடிதத்தை நான்தான் எடுத்தேன். யாராவது போய்க் கதவைத் தட்டாமல் இனி எந்தக் கடிதமும் போகக் கூடாது என்றேன்.

"அது ரூல்ல இல்லியே," என்றாள் ட்வைலா. "டெல்மர் தானாச் செஞ்சுகிட்டது."

"தட்டக் கூடாதுன்னும் ரூல் இல்லியே."

"யாரு தட்டறது?"

"நான். யோலாண்டா வீட்டுக்கு நாளைக்கே போறேன். சாப்பாட்டு நேரமாப் பாத்து."

ராஸ்கோ சிரித்துவிட்டார். கடிதத்தை ஒத்திவைத்தார்கள்.

கடைசியாக ஒரு விஷயம் இருந்தது. குப்பை வண்டி வரும் நாளை வியாழக்கிழமையிலிருந்து திங்கட்கிழமைக்கு மாற்ற வேண்டும் என்று ட்வைலா ஒவ்வொரு வருஷமும் கொண்டுவருவாளாம். ராஸ்கோ ஓட்டுக்கு விட்டார். இரண்டு பேர் ஆம், இரண்டு பேர் இல்லை. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"டெல்மர் என்ன சொல்வாரு?" என்று கேட்டேன்.

"வேணாம்னுதான். ஒவ்வொரு தடவையும்," என்றாள் ட்வைலா சலிப்போடு.

"ஏன்?"

"சொன்னதே இல்ல," என்றார் ராஸ்கோ. "வேணாம்னு கையத் தூக்குவாரு. அவ்வளவுதான்."

அத்தனை வருஷங்களில் குப்பை நாளைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வியாழக்கிழமைகளை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். காரணம் எதுவும் அகப்படவில்லை. திங்கட்கிழமைதான் எல்லாருக்கும் வசதி என்று எனக்கே தோன்றியது. அவரிடம் எனக்குத் தெரியாத ஒன்று இன்னும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர்களும் காத்திருந்தார்கள்.

பிறகு வேண்டாம் என்று கையைத் தூக்கினேன்.

எங்கள் குடியிருப்பில் குப்பை வண்டி இன்னும் வியாழக்கிழமைதான் வருகிறது.